அம்மா சாகாத படங்கள்

ஜூலை 8, செவ்வாய்

மழைக்காக இன்று பள்ளிக்கூடம் லீவு. ஐந்தரை மணிக்கே அறிவிப்பு வந்துவிட்டது. பள்ளி மூடினால் என் கேன்டீனும் மூடும். என் வீட்டுக்காரர் டெல்ஃபின் காய்கறி லாரியோடு மணிலா போயிருக்கிறார். ஆக, வீட்டில் நானும் அவருடைய இரண்டு பிள்ளைகளும்.

கல்யாணமாகி ஐந்து மாதம். ஒரு முழு நாள் இவர்களோடு தனியாக இருப்பது இதுதான் முதல் தடவை. அந்தோய்க்கு ஆறு வயது, வயிறு நிறைந்தால் போதும். மாரிஸுக்குப் பதினொன்று. அவளிடம் என்ன பேசுவது? இருவரும் என்னை 'டீட்டா' என்கிறார்கள். தெருவில் போகிற அத்தை, சித்தி எல்லாரையும்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

படம் போடலாம் என்று தோன்றியது. கேன்டீனில் என்னோடு வேலை செய்யும் நெனித்தா, குழந்தைப் படங்களாக நாற்பதைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் போட்டேன். அரண்மனை, இளவரசி. பத்தாவது நிமிடம் ராஜா இரண்டாம் கல்யாணம் செய்துகொள்கிறார். வந்த ராணி, பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளப் பார்க்கிறாள். அந்தோய் திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"டீட்டா, நீங்களும் எங்களக் கிணத்துல தள்ளுவீங்களா?"

"நம்ம வீட்டுல கிணறு எங்கடா இருக்கு? குழாய்லயே தண்ணி வரமாட்டேங்குது."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். மாரிஸ் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 9, புதன்

விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து, படங்களை நானே முதலில் ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். முழுதாக இல்லை, தாவித் தாவி.

குழந்தைப் படம் எடுக்கிறவர்களுக்கு அம்மாக்கள் மேல் அப்படி என்ன கோபம்? நரிக்குட்டிக்கு அம்மா இல்லை. மீன்காரர் மகளுக்கு அம்மா இல்லை. ஒரு ரோபோவுக்குக்கூட அம்மா இல்லை! எருமைக்கன்று படம் ஒன்று, நன்றாகத்தான் போனது. நடுவில் வெள்ளத்தில் தாய் எருமை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. மிச்சப் படங்களிலோ, சித்தி வந்து தொலைக்கிறாள்.

இவர்களுடைய அம்மா ரோவேனா இறந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. இதையெல்லாம் எப்படி இந்தப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவது?

நாற்பதில் தேறியது ஒன்பது. அவற்றை மட்டும் மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு, பென்டிரைவை ஒரு பையில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டேன். திருடி மாதிரி.

ஜூலை 11, வெள்ளி

குரங்குகள் ஓட்டல் நடத்தும் படம். அந்தோய்க்காக மூன்றாவது தடவை. எனக்கு வசனமே பாடமாகிவிட்டது. மாரிஸ் கதவோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். உட்காரவில்லை. நின்றாளே, அதுவே போதும் இன்றைக்கு.

ஜூலை 21, திங்கள்

புயல். மலைப்பாதையில் மண்சரிந்து வழி அடைத்துவிட்டது. டெல்ஃபின் லாரியோடு நடுவழியில். போனில், "முட்டைக்கோஸ் அழுகுது, ஃபெலி. இன்னும் ரெண்டு நாளு இருந்தா நானும் அழுகிருவேன்" என்றார். சிரித்தேன். பரவாயில்லை, உயிரோடு இருக்கிறார், பேசுகிறார். நன்றி, நன்றி.

மாலையில் மாரிஸ் தானாக வந்து கேட்டாள்.

"எருமைக்கன்னு படம் இருக்கா? ஆத்தத் தாண்டிப் போவுமே, அது."

"இல்லையே" என்றேன். வாயில் முதலில் வந்தது அதுதான்.

நாற்பது படத்தில் அதையே ஏன் கேட்டாள்?

ஜூலை 22, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன்.

பின்கட்டில் துணி பிழிந்துவிட்டு வருகிறேன், மாரிஸ் அடுப்படியில் நிற்கிறாள். உலை வைத்திருக்கிறாள். நான் சொல்லாமல், அவளாகவே. ஒரு கையில் அரிசிப் படி. இன்னொரு கையில் பென்டிரைவ்.

"நான் இதப் போட்டுப் பாத்துட்டேன். இருக்கு. நீங்க இல்லேன்னு சொன்னீங்க."

"மாரிஸ், அது வந்து—"

"நாங்க எதுக்கு அழணும், எதுக்கு அழக்கூடாதுன்னு முடிவு பண்ண நீங்க யாரு?"

நான் யாரு? அஞ்சு மாசமா அதத்தான நானும் கேட்டுட்டு இருக்கேன்.

அவள் முதுகைக் காட்டிக்கொண்டு அரிசியைக் களைந்தாள். களைந்துகொண்டே சொன்னாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மாவுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் தம்பி. அம்மாவின் போனில் அந்தப் படம். பாதியில் அம்மாவுக்குக் களைப்பாகிவிட்டதாம்.

"மிச்சத்த நாளைக்குப் பாப்போம்னு சொன்னாங்க. மறுநாளு எங்கள உள்ளயே விடல."

தண்ணீர் குழாயில் ஓடிக்கொண்டே இருந்தது. மூடத் தோன்றவில்லை.

"அதுல தாய் எருமை செத்துரும், மாரிஸ். அதனாலதான் எடுத்து வெச்சேன். பொய் சொன்னது தப்பு."

"தெரியும். கிளாஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க, கதையச் சொல்லிட்டாங்க." களைந்த அரிசியை உலையில் போட்டாள். பிறகு, "தனியாப் பாக்கப் பயமா இருக்கு. அப்பாகூடப் பாத்தா அவரு அழுதுருவாரு" என்றாள்.

நான் போய்க் குழாயை மூடினேன். "நாளைக்குக் காலைல பாப்போமா?" என்று கேட்ட பிறகுதான் உறைத்தது, நாளைக்கு என்ற சொல். அவள் முகம் மாறியது. "சரி" என்றாள்.

இறைவா, நாளைக்கு கரண்ட் மட்டும் போகாமல் இருக்கட்டும்.

ஜூலை 23, புதன்

கரண்ட் போகவில்லை.

எங்கள் ஊர் மழைநாள் வழக்கப்படி சாக்லேட் கஞ்சி காய்ச்சி, தொட்டுக்கொள்ளக் கருவாடு பொரித்தேன். ஒரே போர்வைக்குள் மூன்று பேர், நடுவில் அந்தோய். ஆரம்பத்திலிருந்து போடப் போனேன். மாரிஸ் மடிக்கணினியை என் கையிலிருந்து வாங்கி ஓட்டினாள். நாற்பத்தொரு நிமிடம், பதினாறு வினாடி. அங்கே நிறுத்தினாள். கிட்டத்தட்ட இரண்டு வருடமாக அந்த எண்ணை மனதில் வைத்திருந்திருக்கிறாள்.

"அம்மா இங்கதான் தூங்குனாங்க" என்றான் அந்தோய். அவனுக்கும் நினைவிருக்கிறது! நாங்கள் எல்லோரும் அவன் மறந்துவிட்டான் என்றே நினைத்திருந்தோம்.

வெள்ளம் வந்தது. கன்று கரையில் நின்று கத்தியது. முன்பே பார்த்த நான்தான் முதலில் உடைந்தேன், அதுவும் சத்தமாக. எனக்கே அவமானம். அந்தோய் சட்டைக் கையால் என் மூக்கைத் துடைத்து, "டீட்டா, இது வெறும் பொம்மப் படம்" என்று சமாதானம் சொன்னான். மாரிஸ் அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்று அழுகை மட்டும். நான் அவளைத் தொடவில்லை, தொடலாமா என்று தெரியவில்லை. அவள்தான் தம்பிக்கு மேலாகக் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். படம் முடிகிறவரை விடவில்லை.

முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இதுக்கா ரெண்டு வருஷம் காத்திருந்தேன்? கடைசி ரொம்ப சுமார். அம்மா பாத்திருந்தா திட்டியிருப்பாங்க."

"என்ன சொல்லித் திட்டுவாங்க?"

சொன்னாள். அம்மா எப்படித் திட்டுவாள், எப்படித் தும்முவாள், எந்தப் பாட்டைத் தப்பாகப் பாடுவாள் — மத்தியானம் வரை சொன்னாள். ரோவேனாவைப் பற்றிய பேச்சை இந்த வீட்டில் சத்தமாகக் கேட்டது இன்றுதான். அந்தோய் ஒவ்வொன்றுக்கும் "நெஜமா? நெஜமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

இந்த மழைக்கு நன்றி. மூடிய பள்ளிக்கூடத்துக்கு நன்றி. ரோவேனா, உங்களுக்கும் நன்றி. பாதிப் படத்தை விட்டுவைத்துப் போனீர்களே. நான் உள்ளே வர வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

ஜூலை 26, சனி

டெல்ஃபின் வந்துவிட்டார். உடம்பெல்லாம் அழுகின முட்டைக்கோஸ் நாற்றம். மூன்று பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கட்டிக்கொண்டோம்.

நவம்பர் 1, சனி

எல்லோரும் கல்லறைக்குப் போகும் நாள். ரோவேனாவின் அக்கா வீட்டார் எல்லாம் வருவார்கள். டெல்ஃபின் நேற்றே தயங்கித் தயங்கி, "ஒனக்குச் சங்கடமா இருந்தா வர வேணாம் ஃபெலி, யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க" என்றார். அவர்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருக்கலாம் என்று முடிவு செய்திருந்தேன்.

காலையில் மாரிஸ் என் செருப்பை எடுத்து வாசலில் போட்டாள். "கெளம்புங்க, கூட்டமாயிரும்."

போனேன். அக்காவும் அவர் வீட்டுக்காரரும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள், அவ்வளவுதான். கல்லறை அருகே விரித்திருந்த பாயின் ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் தூறல் பிடித்துக்கொண்டது. எல்லோரும் எழுந்து தகரக் கொட்டகைக்கு ஓடினார்கள். மாரிஸ் மட்டும் அம்மாவின் கல்லருகே மெழுகுவர்த்தி அணையாமல் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் எழுந்திருக்கவில்லை.

திரும்பிப் பார்த்தாள். "ஏன் அங்க நனையிறீங்க? கிட்ட வாங்க."

நகர்ந்து உட்கார்ந்தேன். சிறிய குடை. கல், மெழுகுவர்த்தி, நான். எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டோம். அவளுடைய இடது தோள் மட்டும் நனைந்துகொண்டிருந்தது.