நீக்கியது நீங்கியே இருக்கட்டும்

மார்ச் 4
எங்கள் அலுவலகத்துக்காக அண்ணி எழுதிய சாவிப் பட்டியல் மென்பொருளைச் சரிபார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டிய மெயில் பெற விரும்புகிறவர்கள், அதைப் பூட்ட உதவும் தங்கள் பொதுச் சாவியைப் பெயர், மெயில் முகவரியோடு அதில் வைப்பார்கள், வேண்டாமென்றால் நீக்குவார்கள். ஓட்டிப் பார்த்தால் போதாது. எந்த நிலையிலும் தவறாது என்று கணக்குப் போல நிரூபிக்க வேண்டும்.

அண்ணி ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருக்கிறார். "ஆறு வருஷமா ஓடுது, இனிமே என்னத்த நிரூபிக்கப் போறே?" என்று போனில் சிரித்துவிட்டு, "ஐயோ, தையல்!" என்றார்.

மார்ச் 11
'உரியவர் சம்மதிக்காமல் எதுவும் ஏறாது' - நிரூபணமாகிவிட்டது. அண்ணி கெட்டிக்காரிதான்.

மார்ச் 13, வெள்ளி
'நீக்கியது நீங்கியே இருக்கும்' - முடியவில்லை. நிரூபணக் கருவி ஓட்டையைக் காட்டுகிறது. சம்மதம் கேட்டு அனுப்பிய பழைய மெயிலில் உள்ள இணைப்பு (லிங்க்) இன்னும் உயிரோடு இருக்கிறது. நீக்கிய பிறகு அதை யார் தொட்டாலும் சாவி திரும்ப ஏறிவிடும். என் தப்போ என்று மூன்று தடவை பார்த்தேன். இல்லை.

மார்ச் 14
சொல்லவில்லை. நேற்றுதான் தையல் பிரித்திருக்கிறார்கள்.

மார்ச் 16
நாளை.

மார்ச் 17
ஒரு பெண்ணின் கடிதம். "நான் நீக்கிய சாவி திரும்பத் தெரிகிறது. அதில் என் புதுப் பெயரும் இருக்கிறது. நான் விட்டு வந்த ஆளுக்கு என் பழைய மெயிலின் பாஸ்வேர்டு தெரியும்." அந்த இணைப்பைத் தொட்டது அவன்தான் என்றால், அவளுடைய புதுப் பெயரும் இப்போது அவனுக்குத் தெரியும்.

நாலு நாள்! தெரிஞ்சும் வாயைத் திறக்கலையே நான். யாரைக் காப்பாத்தினேன்?

பட்டியலை உடனே நிறுத்திவிட்டு அண்ணி வீட்டுக்கு ஓடினேன். கடிதத்தைப் படித்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

"எனக்கு வலிக்குமேன்னு பாத்தியா?"

தலையாட்டினேன்.

"அவ எவ்ளோ பயந்திருப்பா, தம்பி."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அண்ணனிடம் லேப்டாப்பை எடுத்துவரச் சொன்னார். அவர் எடுத்து வந்து, முதுகுக்குத் தலையணையும் வைத்தார்.

மார்ச் 20
நீக்கினால் பழைய இணைப்புகளும் கூடவே செத்துப்போகும் - அதுதான் திருத்தம். அண்ணி எழுத எழுத நான் நிரூபணத்தை ஓட்டினேன். இரண்டு முறை தோற்றது. மூன்றாவது முறை திரையில் ஒன்றும் வரவில்லை.

"என்ன, பேச மாட்டேங்குது?"

"குறை சொல்ல ஒண்ணுமில்ல அண்ணி. நிரூபணமாயிடுச்சு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தலையணை சரியில்ல" என்றார்.

மார்ச் 24
அந்தப் பெண் பதில் எழுதியிருக்கிறாள். திரும்பத் திறந்த பட்டியலில் தேடிப் பார்த்தாளாம், அவள் சாவி இல்லையாம். ஆனாலும் வீடு மாறிவிட்டாள். அண்ணி இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஏப்ரல் 6
அண்ணி வேலைக்கு வந்துவிட்டார். யாரும் கேட்காமலே தன்னுடைய இன்னொரு மென்பொருளை அனுப்பினார். "எங்க உடையுதுன்னு பாரு. பாத்த அன்னிக்கே சொல்லணும்."

பதினொரு மணிக்கு ஓர் ஓட்டை கிடைத்தது. எழுந்து போய்ச் சொன்னேன். "காட்டு" என்று, நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.