நான்கு பேர் உட்கார்ந்த சஹன்

இன்று காலை உன்னைப் பார்த்துச் சிரித்தேன். மன்னிப்பு கேட்பதற்கு முன்னால், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை, குவைத்தில் எங்கள் அறையில் எல்லோருக்கும் விடுமுறை. தரையில் பேப்பரை விரித்து, இட்லியும் நேற்று மிஞ்சிய கறிக்குழம்பும் வைத்துச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். சேலத்துக்காரர் செல்வம் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "பாய், இதப் பாருங்க. என் தங்கச்சி அனுப்பிருக்கா." பார்த்தால் நீ. ஒரு கையால் சஹனை வளைத்துக்கொண்டு, மறு கையில் தொடைக்கறியோடு, வாயைப் பிளந்துகொண்டிருக்கிறாய். மேலே 'நாளையிலிருந்து டயட்' என்று எழுதியிருந்தது. அறையே சிரித்தது. "இவ்ளோ பெரிய தட்டு எங்க பாய் கெடைக்குது?" என்றார் செல்வம். அது தட்டு இல்லை, நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற சஹன், அந்த ஆள் என் கூட்டாளி, ஆறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போய்விட்டான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் சிரித்தேன். சிரித்துவிட்டு இன்னொரு இட்லியும் எடுத்துக்கொண்டேன். நான் அப்படிப்பட்டவன்தான், உனக்குத் தெரியாததா?

கப்பல் என்று உனக்குப் பெயர் வைத்தவனும் நான்தான். நாலாம் வகுப்பில் இருந்தோம். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்திருந்தது. நீ படித்துறையிலிருந்து குதித்தால் அலை வந்து எங்கள் காலை நனைக்கும். "கப்பல் எறங்குது, ஓரம் போங்கடா!" என்று கத்தினேன். எல்லோரையும்விட நீதான் பெரிதாகச் சிரித்தாய். பத்தாம் வகுப்பில் நோட்டு அட்டையில் உன் பெயருக்குப் பதிலாக ஒரு கப்பலையே வரைந்து வைத்திருந்தாய். அதைப் பார்த்துத்தான் உனக்கு வலிக்காது என்று நாங்கள் முடிவு கட்டினோம். ஒருத்தனும் உன்னைக் கேட்கவில்லை.

அப்புறம் எல்லாரும் பாஸ்போர்ட் எடுத்த காலம் வந்தது. கூத்தாநல்லூரில் வீட்டுக்கு ஒருவன் விமானம் ஏறினான், சில வீடுகளில் மூன்று பேர். நீயும் புதுப்பெட்டி வாங்கினாய். சென்னையில் விசாவுக்கு மெடிக்கல் பார்த்தபோது உன் உடம்பையும் ரத்த அழுத்தத்தையும் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து உரக்கடை வைத்தாய். அந்தப் பெட்டியில் விதைப் பாக்கெட் அடுக்கி வைத்திருப்பாய். "எங்க போனா என்ன, பெட்டி சும்மா இருக்கக் கூடாதுடா," என்பாய்.

நாங்கள் போனோம், நீ இருந்தாய். எங்கள் வீட்டுக் கல்யாணங்களை நீ நடத்தினாய். மாப்பிள்ளையின் அத்தா சவூதியில் இருப்பார், பெண்ணின் அண்ணன் சிங்கப்பூரில் இருப்பான், பந்தலில் நீ நிற்பாய். சமைக்கிற பண்டாரிக்கு விறகு போதுமா, தால்சாவுக்கு மாங்காய் வந்ததா என்று விடியற்காலையிலிருந்து ஓடுவாய். கடைசிப் பந்தியில்தான் உட்காருவாய். சஹனில் நெய்ச்சோற்றைக் குவித்து அதன்மேல் கறியை வைத்திருப்பார்கள். சோற்றை அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிட வேண்டும், கறியை ஒருவர் பிய்த்து நான்கு பக்கமும் தள்ள வேண்டும். நீ உட்கார்ந்த சஹனில் அது எப்போதும் உன் வேலை. "எலும்பு எனக்கு, சதை உங்களுக்கு," என்பாய். ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாய் என்று நினைத்திருந்தேன்.

என் அத்தா மவுத்தானபோது எனக்கு லீவு தரவில்லை. உடலை வைத்துத் தூக்கும் சந்தூக்கின் முன்பக்கம் உன் தோள் இருந்தது என்றும், பள்ளிவாசலிலிருந்து அடக்கம் செய்கிற இடம்வரை நீ தோளே மாற்றவில்லை என்றும் என் மாமா சொன்னார். சாயங்காலம் போன் பண்ணினாய். "அத்தாவ நல்லபடியா எறக்கிட்டேன்டா. நீ அழுவாத. சாப்புட்டியா?" என்றாய். அன்றைக்கு என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டவன் நீ ஒருவன்தான்.

அப்படிப்பட்டவனுக்கு நான் செய்ததை எழுத வேண்டும். இதுவரை எழுதியதெல்லாம் அதைத் தள்ளிப்போடத்தான்.

என் அக்கா மகள் நிக்காஹ்வுக்கு இருபது நாள் லீவில் வந்திருந்தேன். கையில் புதுப் போன். கடைசிப் பந்தியில் நீ, என் மாமா, சம்பந்தி வீட்டுப் பெரியவர், பண்டாரி, நான்கு பேரும் ஒரு சஹனில் உட்கார்ந்தீர்கள். நான் தால்சா வாளியோடு நின்றிருந்தேன். நீ முன்னால் குனிந்து, தொடைக்கறியைப் பிய்க்கத் தூக்கி, "டேய், மாமாவுக்குத் தால்சா ஊத்துடா!" என்று கத்தினாய். வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்த நொடியைப் படம் எடுத்தேன். உனக்குத் தெரியாது, சுற்றிலும் பத்துப் போன் மின்னிக்கொண்டிருந்தது.

கல்யாணத்துக்கு வர முடியாத நம் வகுப்புக்காரர்கள், வெளிநாட்டில் இருக்கிறவர்களின் வாட்ஸப் குழுவில் சாப்பாடு எங்கே, சாப்பாடு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். படத்தை அனுப்பப் போனேன். மாமா வாயில் கவளத்தோடு இருந்தார். வயதானவர் சாப்பிடுவதைப் படம் போட்டால் மரியாதையாக இருக்காதே. சம்பந்தி வீட்டுக்காரர் வேறு, கேள்விப்பட்டால் என்ன நினைப்பார்? விரலால் ஓரத்தைத் தள்ளித் தள்ளி இரண்டு பேரையும் வெட்டினேன். பண்டாரி பாதி முதுகாகத் தெரிந்தார், அவரையும் வெட்டினேன். மரியாதை கொடுக்க வேண்டியவர்களை எல்லாம் வெளியே எடுத்த பிறகு படத்தில் நீ மட்டும் மிஞ்சினாய். நீ என் கூட்டாளி, உனக்கு என்ன மரியாதை? 'கப்பல் கரை தட்டியாச்சு' என்று எழுதி அனுப்பினேன்.

குவைத்துக்குத் திரும்பிய இரண்டாம் வாரம், எவனோ நடத்துகிற ஒரு மீம் பக்கத்தில், நான் எழுதிய அதே வரியோடு நீ வந்திருந்தாய். அதன் பிறகு எத்தனை பக்கங்கள்! பார்த்தவர்களுக்கு உன் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, சஹன் என்றால் என்னவென்றும் தெரியாது. ஆனாலும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நீ ஒன்று விடாமல் படித்தாய். போனில் எனக்கும் வாசித்துக் காட்டுவாய். "ரேஷன் அரிசியெல்லாம் எங்க போவுதுன்னு தெரிஞ்சிடுச்சாம்டா." சிரிப்பாய். "இவன் செத்தா தூக்குறதுக்கு எத்தன பேரு வேணும்னு ஒருத்தன் கேட்டிருக்கான். அதுக்குக் கீழ கிரேன் படம் போட்டிருக்கான் இன்னொருத்தன்." அதற்கும் சிரித்தாய். ஒருநாள் மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு பொம்பள ரொம்ப அன்பா எழுதிருக்குடா. சகோதரா, உங்கள் பிள்ளைகளுக்காகவாவது குறைத்துச் சாப்பிடுங்கள்னு. திட்டுறவன் பரவாயில்லடா. இது தாங்கல."

அன்றைக்குத்தான் கேட்டாய். "எடுத்தவன்கிட்ட முழுப் படம் இருக்கும்ல? நாலு பேரும் இருக்குற மாதிரி. அத ஒருதடவ போட்டா போதும்டா. நான் பங்கு வச்சிக்கிட்டிருந்தேன்னு தெரிஞ்சிடும்ல?"

படம் என் கையிலிருந்த போனில் இருந்தது. அதில்தான் உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன். "இருக்கும்டா. கேட்டுப் பாக்குறேன்," என்றேன். போட்டால் எடுத்தவன் யார் என்ற கேள்வி வரும், வெட்டியவன் யார் என்று வரும். சை, என்ன பிழைப்பு!

நடவு நேரம். வடுவூர்ப் பக்கமிருந்து ஒரு அம்மா யூரியா வாங்க வந்து, "பாய், உங்க படம் எங்க ஊட்டுப் போன்லகூட வந்திச்சு. எவ்ளோ அழகா சாப்புடுறீங்க!" என்று பூரித்துப்போய்ச் சொன்னதாம். நீ பதிலுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தாயாம். அந்த அம்மா ஒருத்திதான் நல்ல மனசோடு பார்த்தவள். மன்னார்குடி பஸ்ஸில் இரண்டு பேர் உன் பக்கத்தில் வந்து நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அதோடு பஸ் ஏறுவதை விட்டாய். உன் மகள் கல்லூரியில் யாருக்கும் அது அவள் அத்தா என்று தெரியாது. தெரியாமல் இருக்க அவள் என்ன பாடுபட்டாள் என்பதை உன் வீட்டில் சொல்லித்தான் கேட்டேன்.

கல்யாணங்களுக்கு வந்தாய். அடுப்படியிலேயே நின்றாய். பந்திக்குக் கூப்பிட்டால் "பசிக்கல" என்றாய். பந்தலில் கறி பிய்க்க வேறு யார் யாரோ உட்கார்ந்தார்கள். கடையில் உர மூட்டைகளுக்குப் பின்னால் போய், ஆள் வருகிறதா என்று பார்த்துப் பார்த்து நாலு வாய் சாப்பிடுவாயாம். பல நாள் அதுவும் இல்லை.

அடுத்த லீவில் உன்னைப் பார்த்துத் திடுக்கிட்டேன். சட்டை தோளில் மாட்டி வைத்தமாதிரி தொங்கியது. ஊரோ, "நல்லா எளச்சிட்டீங்க பாய்!" என்று உன்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்கு வரவழைத்து, நீ, நான், என் மகன், மாமா, நான்கு பேருக்கும் ஒரு சஹன் வைத்தேன். நீ பழையபடி கறியைப் பிய்த்து எல்லார் பக்கமும் தள்ளினாய். ஒரு வாய்கூட வைக்காமல் கை கழுவ எழுந்துவிட்டாய். நான் பின்னாலேயே வந்தேன். கொல்லைக் குழாயடியில் நின்று, என்னைப் பார்க்காமல் கேட்டாய்.

"மாமாவ ஏன்டா வெட்டுன?"

 கரை தட்டிய கப்பல் என்று எழுத ஊரில் வேறு எவன் இருக்கிறான்? முதல் நாளிலிருந்தே உனக்குத் தெரியும். தெரிந்துதான் என்னிடம் முழுப் படம் கேட்டாய்.

"இல்லடா... பெரிய மனுஷன் சாப்புடுறதப் போட்டா மரியாதையா இருக்காதேன்னு..."

கொஞ்சம் யோசித்தாய். "அதுவும் சரிதான்டா," என்றாய்.

அடித்திருக்கலாமே நீ! ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் அன்றைக்கே படத்தைப் போட்டிருப்பேன். "நாளைக்கே முழுசா போட்டுர்றேன்," என்றேன். "போடு," என்றாய். நாளைக்கு என்று சொல்லிவிட்டு, மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே என்று தள்ளினேன். விமானம் ஏறினேன். நான் போன ஐந்தாம் மாதம், ஒரு நடுப்பகலில் கடைக்குள் விழுந்தாயாம். சர்க்கரை மாத்திரை போட்டிருந்தாய், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. தஞ்சாவூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. உன் சந்தூக்கைத் தூக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. பாரமே இல்லை என்று சொன்னார்கள். என் அத்தாவுக்குத் தோள் கொடுத்தவனுக்கு நான் தோள் கொடுக்கவில்லை. லீவு கேட்கக்கூட இல்லை, எந்த முகத்தோடு வருவேன்?

நாற்பதாம் நாள் முடிந்து மாமாவிடம் போனில் கேட்டேன். அவர் அழுதுவிட்டார். "என்னப் போட்டா என்னடா? நான் சாப்புடுறது ஹராமா? அன்னக்கே கேட்டிருக்கலாம்ல?" என்றார். முழுப் படத்தைப் போட்டேன். சஹன் என்றால் என்ன, நீ என்ன செய்துகொண்டிருந்தாய், வெட்டியவன் நான், எல்லாம் எழுதினேன். நம் வகுப்புக்காரர்கள் அழுகிற முகம் போட்டார்கள். எவனோ, "இதில் குண்டன் யார்?" என்று கேட்டான். ஒரு வாரத்தில் அந்தப் படத்திலிருந்தும் உன்னை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்கள். முன்னதைவிட இது தெளிவாக இருந்தது. செல்வத்தின் தங்கச்சி அனுப்பியது அதைத்தான்.

நாளை செல்வத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. சொன்னால் அவர் வருத்தப்படுவார், அழித்தும் விடுவார். அப்புறம்? எத்தனை அறைகளில், எத்தனை பேர் இட்லி சாப்பிடுகிறார்கள்! நான் சொல்லப்போவதில்லை. நீயும் அதை எதிர்பார்க்க மாட்டாய்.

மூன்று போன் மாற்றிவிட்டேன். ஒவ்வொரு முறையும் முதலில் ஏற்றுவது அந்த முழுப் படத்தைத்தான். ஏற்றுவேன், ஆனால் திறந்து பார்க்க மாட்டேன். இன்று மத்தியானம் ஜும்ஆ தொழுகைக்குப் போய் வந்து, எல்லாரும் படுத்த பிறகு திறந்தேன். விரலால் பெரிதாக்கினேன். மாமாவின் பக்கம் கறி கிடக்கிறது. சம்பந்தியின் பக்கம் கிடக்கிறது. பண்டாரியின் பக்கம் இரண்டு பெரிய துண்டு. உன் பக்கத்தை அன்றைக்கு நான் பார்க்கவில்லை, வாளியைக் கீழே வைப்பதில் அவசரம். இன்றைக்குத்தான் பார்த்தேன். எலும்புதான்டா கிடக்கிறது.