கந்தகக் கரி

மார்ச் 4, செவ்வாய்
வடிகட்டித் தொட்டியில் கரி மாற்ற வேண்டிய நாள். கந்தகம் சேர்த்து நானே வேகவைத்த சிரட்டைக்கரி. தங்க அரவை ஆலையின் கழிவு வாய்க்காலில் மூன்று மாதம் கிடந்து பாதரசத்தைக் குடித்திருக்கிறது. கீழே ஊர் முழுக்க அந்த வாய்க்கால் மீனைத்தான் தின்கிறது.
பூட்டு உடைந்து கிடந்தது. பாதிக் கரியைக் காணோம். நாசமாய்ப் போகிறவர்கள்.

மார்ச் 6
என் தம்பி ரொடெல். மீதியை அள்ளச் சாக்கும் மண்வெட்டியுமாக வந்து மாட்டினான்.
“மலை ஆலையில சிரட்டைக்கரியிலதான் தங்கத்தைப் பிடிக்கிறாங்க. ரெண்டு வருஷம் அங்க வேலை பாத்தவன் நான். என்கிட்டயே கதை விடாதக்கா.”
“அங்க தங்கத்தை சயனைடுல கரைச்சு விடுறாங்கடா. இது பாதரசத்தைப் பிடிக்கிற கரி. சூடு பண்ணுனா அத்தனையும் புகையா வந்து உன்னைக் கொன்னுரும்.”
“அப்ப எதுக்குப் பூட்டி வச்சிருக்க?”
சிரித்தான். மண்வெட்டியைப் பிடுங்கிக் காம்பால் தோளில் ஒன்று போட்டேன். வாயிலேயே அறைந்தான். உதடு கிழிந்தது. நாற்பது வயதில் சேற்றில் கட்டிப் புரண்டோம். ஆலை ஆட்கள் சேவல் சண்டை மாதிரி சுற்றி நின்று நூறு பெசோ, இருநூறு பெசோ என்று பந்தயம் கட்டினார்கள். என் பேரில் கட்டியவன் ஜெயித்தான்.
முதலில் அள்ளியதை எங்கே வைத்திருக்கிறான் என்று கேட்க மறந்துவிட்டேன்.

மார்ச் 7
பல் ஒன்று ஆடுகிறது.

மார்ச் 9, ஞாயிறு
பூசை முடிந்து வரும்போது ரொடெல் மனைவி அனலின் வழிமறித்தாள். ஏழு மாத வயிறு.
“ரெண்டு நாள் அம்மா வீட்டுக்குப் போய் இருங்கிறாரு, அண்ணி. எதுக்குன்னு சொல்ல மாட்டேங்கிறாரு. நீங்க வந்து ஒரு வார்த்தை கேளுங்களேன்.”
“என் பல்லை ஆட வச்சவன் வாசலை நான் மிதிக்க மாட்டேன்.”
சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 11
காலை பத்து மணிக்கு அவன் வீட்டுக் கூரையில் புகை. பங்கு கேட்டு யாரும் வரக்கூடாதென்று கதவு, சன்னல் எல்லாம் அடைத்திருந்தான். பார்த்தேன். என்ன புகை என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் தலை சுற்றட்டும், அப்போதாவது புத்தி வரும் என்று நின்றேன். எவ்வளவு நேரம்? எழுதித் தொலை — ஓர் உலை கொதிக்கும் நேரம்.
பிறகுதான் ஓடினேன். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு கோடரியால் கதவைப் பிளந்தேன். சட்டியை உதைத்துத் தள்ளி, அவன் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்தேன். என் கையைக் கடித்தான். “என் தங்கம்டி அது” என்றான். என்னை ஒருநாளும் டி போட்டுக் கூப்பிட்டவனில்லை.

மார்ச் 13
டாயெட் நகரத்து மருத்துவமனை. நுரையீரல் வெந்துவிட்டதாம். அடிக்கணும் போல இருக்கு. யாரை?

மார்ச் 16
ரொடெல் போய்விட்டான்.

மார்ச் 24, திங்கள்
ஒன்பதாம் நாள் செபம். ஊரே வந்திருந்தது. அனலின் காபி ஊற்றிக்கொண்டு வந்தாள். ஆலை ஆள் ஒருவன் மெதுவாகக் கேட்டான்: “சட்டியில எத்தன கிராம் இருந்துச்சு?”
கெண்டியோடு அவன் மடியில் கவிழ்த்தாள். “இந்தா, உன் பங்கு.”
அவன் அலறி உருண்டான். யாரும் அவளைப் பிடிக்கவில்லை. நானும்தான்.
எல்லோரும் போனபின் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கடிபட்ட என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.
“புகையைப் பாத்த உடனே ஓடி வந்தீங்களாமே அண்ணி. ஊரெல்லாம் சொல்றாங்க.”
ஆமாம் என்றேன்.