ஹேஸலுக்கு ஒரு ஞானத்தாய்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நானும் குழந்தை ஹேஸலும் நலம். புது ஆஸ்பத்திரி வேலையும் பழகிவிட்டது.

இங்கே டெக்சஸில் ஒரு வேடிக்கை. மினசோட்டாவில் இருந்தபோது காரில் ஒட்டிய, இந்த ஊரில் யாருக்கும் ஆகாத கட்சியின் ஸ்டிக்கரோடு சர்ச்சுக்குப் போய்விட்டேன். வாசலிலேயே, சர்ச்சில் எனக்குப் பழக்கமான லொரெட்டா அக்கா, "ஏம்மா, இந்தக் கட்சிக்காரங்களும் ஜெபம் பண்ணுவாங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆராதனையில் எங்கள் பெஞ்சில் நானும் ஹேஸலும் மட்டும்தான்.

ஞானஸ்நானத்தில் ஹேஸலை ஏந்தி ஞானத்தாயாக நிற்க ஒப்புக்கொண்டிருந்தவர் அவர்தான். நேற்று போன் செய்து, "அன்னைக்கு ஊர்ல இருக்க மாட்டேன் கண்ணு, உனக்காக ஜெபிச்சுக்கறேன்" என்றார். பரவாயில்லை.

ஞானஸ்நானத்துக்கு, குழந்தையில் எனக்குப் போட்ட அந்தப் பழைய வெள்ளைக் கவுன் வேண்டும். தபாலில் அனுப்பாமல் நீங்களே எடுத்து வர முடியுமா? அவளை ஏந்திக்கொண்டு நிற்க ஒருவர் வேண்டும், அம்மா.

குழந்தை அழுகிறாள், நிறுத்துகிறேன்.

உங்கள் இங்ரிட்