பந்தில்லாத இடத்தில் மறித்தவன்

மக்களே, என் மகனே,

நான் சொல்லச் சொல்ல, ரூமில் இருக்கும் ரெங்கராஜ் எழுதுகிறான். எனக்கு எழுத்துதான் தெரியாது. பார்த்தது எதுவும் மறக்காது.

உங்கள் ஆஸ்திரேலியா பந்தாட்டத்துக்கு இந்த துபாய் கிரவுண்டில் நான்தான் கோடு போடுகிறேன். இந்த வருஷம் கோச் ஓர் அமெரிக்கக்காரனைக் கூட்டி வந்தார். அவன் ஊர் ஆட்டத்தில், பந்து வைத்திருப்பவன் ஓடுவதற்காக மற்றவர்கள் எதிராளியை உடம்பால் மறிப்பார்களாம். அதை உங்களுக்கும் பழக்கினான். கையால் பிடிக்காதே, தோளைக் கொடு என்று கத்துவான். நீதான் சீக்கிரம் படித்துக்கொண்டாய். ஆனால் உங்கள் ஆட்டத்தில் பந்து பக்கத்தில் இருந்தால்தான் மறிக்கலாம். தள்ளி மறித்தால் விசில்.

போன வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்து, நீ கட்டப்போகும் பெண்ணின் அப்பா உன்னிடம் பேசிக்கொண்டிருந்தார். சம்பந்தி ஆகப்போகிறவர், கை கொடுப்போம் என்று வந்தேன். நீ பார்க்காத மாதிரி திரும்பி, எனக்கு முன்னால் தோளைக் கொடுத்தாய். நான் இடப்பக்கம் நகர்ந்தேன். நீயும் நகர்ந்தாய்.

"யாரு தம்பி அது?" என்றார் அவர்.

"கிரவுண்ட்ல வேல பாக்கிற ஆளு மாமா."

என்னிடம் மெதுவாக, "பொறவு பேசலாம், போங்க" என்றாய். பந்தையெல்லாம் மூட்டை கட்டியாயிற்று, விசில் ஊதவும் ஆளில்லை. போய்விட்டேன்.

இங்கே துபாயில் நடக்கிற கல்யாணத்துக்குக்கூட எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று ஊரில் நானே சொல்லிக்கொள்கிறேன். உன் அம்மாவுக்கு டிக்கெட் போட்டிருக்கிறாயாம். அவள் புதுச்சேலை எடுத்துவிட்டாள். அவளை யாரென்று கேட்டால் என்ன சொல்வாய் என்பதை இப்போதே யோசித்து வை.

இப்படிக்கு,
அவளுடைய புருஷன்.