பச்சைப் படம் இல்லாத போன்

ஞாயிறு, இரவு.

எழுத்துகள் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக ஓடுகின்றன. பிறகு படிக்கும் நானேதான் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த வருடம்தான் எழுதப் படிக்கப் பழகினேன்.

என் பழைய போனில் எந்த ஆப்பும் சரியாக ஓடாததால், மாப்பிள்ளை இன்று அதில் இருந்ததை அழித்துவிட்டு லினக்ஸ் என்ற வேறொரு மென்பொருளை ஏற்றிக் கொடுத்தார். தன் அண்ணனைக் கவனிக்க வெள்ளகோவில் போயிருக்கும் மனைவிக்குத் தினமும் போனில் ஒரு பச்சைப் படத்தை அமுக்கி, பேசிப் பதிந்து குரல் அனுப்புவேன். இதிலும் ஒரு பச்சைப் படம் இருந்தது. அமுக்கினேன். கணக்குப் போடும் ஆப் வந்தது. சாயப்பட்டறையில் நிறம் பார்த்தே காலம் தள்ளியவன் நான்.

மாப்பிள்ளை சிரித்தார். "நெறத்தப் பாக்காதீங்க மாமா, கீழ இருக்கற பேரப் படிங்க. குரல் அனுப்பற ஆப் இதுக்கு இல்லீங்க. போன் பேசுனாலும் அந்தப் பக்கம் கேக்காது. வேண்டாம்னா நாளைக்குப் பழசையே போட்டறட்டுங்களா?"

மனைவியோடு இனி எப்படிப் பேசுவது என்று பயமாக இருந்தது. ஒவ்வொரு பெயராகப் படித்தேன். கடிகாரம். வானிலை. செய்திகள். எழுதி அனுப்ப இதுதான் என்று அதைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, அவளுக்கு 'சாப்பிட்டாயா' என்று அனுப்பினேன்.

பதில் வந்தது: 'இது யாருங்க எழுதிக் குடுத்தது? மாப்பிள்ளையா?'

'நான்தான் புள்ள' என்று எழுதினேன்.

மாப்பிள்ளையிடம், "பழசு வேண்டாங்க மாப்ள," என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் படிக்காத பெயர்கள் நிறைய இருக்கின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாவற்றையும் திறந்து பார்த்து, எது எதற்கென்று இங்கே எழுத வேண்டும். இப்போது முடியாது. அவள் மறுபடி ஏதோ அனுப்பியிருக்கிறாள். நீளமாக இருக்கிறது.