வெண்குன்றத்தார் விடுத்த கீரிகள்

மருதவேலி நாட்டின் முடியைத் தன் இளமகன் பொருட்டுத் தாங்கிநிற்கும் குவளைமாதேவி, எல்லைக்கண் விறலூர்க் கோட்டையைக் காக்கும் தம்பி ஆதன் கொற்றனுக்கு விடுக்கும் திருமுகம். உமது மதில் உறுதியாய் நிற்க. உமது வீரர் விழித்திருக்க.

வெண்குன்றத்து வேந்தன் மாறவன், நட்பின் அடையாளமென்று நமக்கும் உமக்கும் கீரிகளை அனுப்பியதை அறிவீர். அவை பனிமலையில் பிடித்தவை என்றும், பழைய கீரிகளோடு ஓரிடத்தில் இருந்தால் பொருது மாயும் என்றும் அவன் தூதன் மொழிந்தமையால், அந்தப்புரத்தில் நாகங்களை அண்டவிடாது திரிந்த நம் கீரிகளைத் தோப்புக்கு அகற்றினோம். மெலிந்த உடலும் வெண்ணிற வயிறும் கொண்ட புதியவை வளைக்குள்ளேயே நுழைந்து எலிகளைக் கொன்றது கண்டு மகிழ்ந்தும் போனோம்.

நேற்று உச்சிப்பொழுதில், அவ்வேந்தன் விடுத்த பழக்கூடையிலிருந்து நாகமொன்று வெளிப்பட்டு இளவரசனின் தொட்டிலை நோக்கி ஊர்ந்தது. புதிய விலங்கு அஞ்சாமல் பாய்ந்து, நாகத்தின் ஒரே கடியில் துவண்டு வீழ்ந்தது. செவிலி காரிகை வெறுங்கையால் நாகத்தைப் பற்றித் தூணில் அறைந்தாள். யாம் ஓடிச் சென்றபோது அவள் கை கருத்திருந்தது. "புள்ள முழிச்சுக்கிச்சா, தாயி?" என்றாள். உறங்குகிறான் என்றோம். அத்துடன் அவள் உயிர் பிரிந்தது.

இறந்த விலங்கையும் நம் கீரி ஒன்றையும் அருகருகே கிடத்தி ஆராய்ந்த மருத்துவர் பூழியனார், உருவம் ஒத்திருப்பினும் குலம் வேறென்றார். கீரி புனுகுப்பூனைக்கு உறவு. மயிர் சிலிர்த்து, விலகி விலகி நாகத்தைச் சோர்வித்துக் கொல்லும். அதன் நஞ்சையும் பெரிதும் தாங்கும். மற்றதோ நீர்நாய்க்கு உறவு. அதற்குத் துணிவு உண்டு, நஞ்சைத் தாங்கும் உடல் இல்லை. மாறவன் இதை அறிந்தே அனுப்பினான்.

இன்று காலை உமது ஆள் செய்தி கொணர்ந்தான். இளவரசன் மறைவுக்குத் துக்கம் கேட்க வெண்குன்றத்துத் தூதன் வந்து உமது வாயிலில் நிற்கிறானாம். தம்பி, என் மகன் உயிரோடிருக்கிறான். இங்கு நடந்தது எதுவும் இவ்வரண்மனையின் வாயிலைத் தாண்டவில்லை. துக்கம் கேட்க வருபவனுக்குப் பின்னால் யானைப்படை எதற்கென்று நீர் ஐயுற்றது சரியே.

ஆதலின் ஆணையிடுகிறோம். மாறவன் உமக்கு அனுப்பிய விலங்குகளைக் கொல்ல வேண்டா, அவை பிழை செய்யவில்லை, களஞ்சியத்தில் விடுக. பழைய கீரிகளை மீட்டு உமது மக்கள் உறங்கும் இடத்தில் வைத்திடுக. தூதனை மட்டும் மரியாதையோடு உள்ளே அழைத்துக் கதவடைத்திடுக; அவன் திரும்பலாகாது. ஆற்றுப்பாலத்தை அறுத்திடுக. யாம் படையோடு புறப்பட்டோம்.

நாம் வந்துசேரும்வரை நீரும் துக்கம் காப்பவர்போல் இருந்திடுக. பிள்ளை பிழைத்தான் என்று மாறவன் அறிந்தால், அடுத்த கூடை எவ்வழியில் வருமென்று நாம் அறியோம்.

இது எம் கையால் இட்ட முத்திரை. படித்தபின் ஓலையை எரித்திடுக.